முடிவில் மாற்றமில்லை

பிஸ்மார்க். மார்ச் பிறந்தும் பனி விடவில்லை.
சட்டமன்ற நூலகத்தின் அடித்தளத்தில்
வெந்நீர்க் குழாய்கள் இருமிக்கொண்டிருந்தன.
முன்னாள் செனட்டர் செல்மர் க்வாலே
தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்து
"என் வாக்குகள் வேண்டும்" என்றார்,
சலவைக்குப் போட்ட சட்டைகளைக் கேட்பதுபோல.

இருபத்தெட்டு ஆண்டு, பதினான்கு கூட்டத்தொடர்.
தள்ளுவண்டியில் கொண்டுவந்தேன்.
ஒரு சக்கரம் எப்போதும் இடப்பக்கம் இழுக்கும்.

பதினோராயிரத்துச் சொச்சம் வாக்குகள்.
பெரும்பாலும் ஆம்.
பள்ளிப் பேருந்தின் மஞ்சள் எந்த மஞ்சள் என்பதற்கு ஆம்.
களைக்கொல்லி வரிக்கு இல்லை.
ஞாயிற்றுக்கிழமை கடை திறக்க
இல்லை, இல்லை, இல்லை,
ஒரு வருடம் திடீரென்று ஆம்
(மருமகன் இரும்புக்கடை வைத்த வருடம்;
குறிப்பேடு சொல்லாது, நான் சொல்கிறேன்).
முதியோர் இல்லச் செவிலியர் கூலிக்கு
ஒருமுறை ஆம், ஒருமுறை ஆளில்லை.
ஏரிப் பனியில் துளையிட்டு
மீன் பிடிக்கிற வாரம் அது.

அவருக்கு வேண்டியது ஒரே பக்கம்.
ஐம்பத்தாறாம் நாள்.
தானியக் குதிருக்குள் இறங்குகிறவன் இடுப்பில்
கயிறு இருக்கவேண்டும்,
கயிற்றின் மறுமுனையில்
ஒரு ஆள் நிற்கவேண்டும்.
மசோதா அவ்வளவுதான். ஒன்றரைப் பக்கம்.

ஆம் இருபத்திரண்டு.
இல்லை இருபத்தைந்து.
க்வாலே: இல்லை.

மறுநாள் காலை, பிரார்த்தனைக்குப் பின்,
பூங்கொத்துக்கு நன்றி சொல்லும் தீர்மானத்துக்கு முன்,
இரண்டு வரி:
செனட்டர் க்வாலே தம் வாக்கை ஆம் என மாற்றக் கோரினார்.
ஆட்சேபம் இல்லை. முடிவில் மாற்றமில்லை.

அனுமதி உண்டு இதற்கு.
தோற்றது தோற்றதாகவே கிடக்குமென்றால்
யாரும் எதையும் மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டு கோடை கழித்து
டேரில் ஷாஃப், பத்தொன்பது வயது,
கட்டிதட்டிப்போன கோதுமையைக் கம்பியால் குத்த
உள்ளே இறங்கினான்.
கோதுமை தண்ணீர்போல நகரும்,
தண்ணீர்போல மிதக்கவிடாது.
முழங்கால். இடுப்பு. பிறகு
தொப்பியில் அச்சடித்திருந்த
விதைக் கம்பெனியின் பெயர்.
தகரத்தை நான்கு பக்கமும் அறுத்து
வெளியே எடுக்க ஐந்து மணி நேரம்.

அந்த இலையுதிர்காலத் தேர்தலில்
க்வாலேயின் துண்டறிக்கை, நீல எழுத்தில்:
கயிற்று மசோதாவுக்கு ஆம் என்றவர்.
பொய்யில்லை.
செய்தித்தாள்காரர்கள் என்னிடம் வந்துதான் சரிபார்த்தார்கள்.
பக்கத்தைக் காட்டினேன்.
இரண்டாவது பக்கத்தை.
அதைத்தான் கேட்டார்கள்.

ஏட்டில் ஏறிய கயிறு
எவன் இடுப்பிலும் ஏறுவதில்லை.

இப்போது அவர் விரல் அந்த வரிமேல்.
நடுக்கத்தில் காகிதம் லேசாகச் சத்தமிட்டது.
"இதைத் திரும்ப மாற்ற முடியுமா?"
எதுவாக?
"இல்லை என்று. முதலில் சொன்னதுபோல."

விதிப் புத்தகத்தைப் புரட்டினேன்,
தெரிந்த பதிலுக்காகத்தான்.
உறுப்பினர் கேட்கவேண்டும். அவை நடக்கவேண்டும்.
ஆட்சேபம் இல்லை என்று சொல்லவாவது
ஆட்கள் வேண்டும்;
அந்த நாற்பத்தேழில் முப்பது பேர்
மண்ணுக்குள்.

"முடிவு மாறாதென்றால்
விட்டுவிடுவீர்களே" என்றார்.
கோபமில்லை. சந்தேகம் கேட்கிற குரல்.

முடியாது என்றேன்.
குழாய் இருமியது.

இரண்டு பக்கத்தையும் நகலெடுத்தேன்,
பக்கத்துக்குப் பத்து சென்ட்.
ஒரு நாணயம் மட்டும் வைத்தார்.
முதல் பக்கத்தை நான்காக மடித்து
கோட்டின் உள்பைக்குள் செருகி
தள்ளுவண்டியைச் சுற்றிக்கொண்டு போனார்.

மற்றதை என்ன செய்வதென்று
எந்த விதியிலும் இல்லை.
என் இழுப்பறையில் கிடக்கிறது,
ஸ்டேப்ளருக்கு அடியில்.
பத்து சென்ட் பாக்கி.